பிறந்தநாளைப் பார்த்துவிட்டு அப்புறம் 'கட்' பாருங்கள்: அமெரிக்காவில் பிள்ளையை நீச்சல் சாம்பியன்ஷிப்புக்கு அனுப்புவது எப்படி

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஜனவரி ஞாயிறு. டாலஸ் பக்கம் ஒரு புறநகரின் உள்ளரங்க நீச்சல்குளம். குளோரின் நெடி, புழுக்கம், மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி. என் மகள் 50 கஜம் பட்டர்ஃப்ளை முடித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக்கொண்டே ஓடி வந்து, "அப்பா, கட் வந்துடுச்சு!" என்றாள். வட்டார சாம்பியன்ஷிப்பில் நீந்துவதற்கான தகுதி நேரத்தைத்தான் இங்கே 'கட்' என்கிறார்கள். அவளுக்குக் கிடைத்தது 10 வயதுக்கு உட்பட்டோர் பிரிவின் கட். அன்று ராத்திரி வீட்டில் கேசரி. ஊருக்கு வீடியோ கால் போட்டு அவளைவிட நான்தான் அதிகம் பீற்றிக்கொண்டேன்.

சாம்பியன்ஷிப் மார்ச் முதல் வாரம், வெள்ளிக்கிழமை ஆரம்பம். அவள் பிறந்தநாள் அதற்கு முந்தின புதன்கிழமை. பிப்ரவரியில் கிளப்பிலிருந்து மெயில் வந்தது. மீட், அதாவது போட்டி, தொடங்கும் அன்று அவளுக்கு 11 முடிந்திருக்கும், 11-12 பிரிவின் கட் அவளிடம் இல்லை, அதனால் பெயர் கொடுக்க முடியாது என்று. அந்தப் பிரிவின் கட் மூன்று விநாடிக்கும் மேல் வேகமானது. அந்த மூன்று விநாடியைக் குறைக்க அவளுக்கு அதற்கப்புறம் 14 மாதம் பிடித்தது.

யாரையும் குறை சொல்ல முடியாது. மீட் அறிவிப்பின் இரண்டாம் பக்கத்திலேயே விதி இருந்தது, நான்தான் படிக்கவில்லை. எனக்குத் தெரிந்த நீச்சல் எல்லாம் ஊரில் பம்புசெட் கிணற்றில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிப் பழகியது. அங்கே யாரும் பிறந்த தேதி கேட்டதில்லை. நீங்களும் அப்படி வந்தவர் என்றால் கீழே உள்ளதை வரிசையாகப் படியுங்கள்.

1. பிள்ளை எந்த அமைப்பில் நீந்துகிறது என்று முதலில் பாருங்கள்

இங்கே பிள்ளைகள் நீந்தும் இடங்கள் வெளியிலிருந்து பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். உள்ளே கணக்கு வேறு. குடியிருப்புக் குளங்களுக்கு இடையே மே கடைசியிலிருந்து ஜூலை வரை நடப்பது சம்மர் லீக். பந்தல், பர்கர், ரிப்பன் என்று திருவிழா மாதிரி இருக்கும். ஒய்எம்சிஏ அணிகள் தனி. பள்ளி அணி, அதாவது ஹைஸ்கூல் நீச்சல், தனி. வருடம் முழுக்கப் பயிற்சி தரும் கிளப்புகள் யுஎஸ்ஏ ஸ்விம்மிங் என்ற தேசிய அமைப்பின் கீழ் வருகின்றன. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

இது ஏன் முக்கியம் என்றால், சாம்பியன்ஷிப்புக்குக் கணக்கில் எடுப்பது யுஎஸ்ஏ ஸ்விம்மிங் அங்கீகரித்த போட்டியில் எடுத்த நேரத்தை மட்டும்தான். அந்த நேரங்கள் 'ஸ்விம்ஸ்' என்ற தரவுத்தளத்தில் ஏறும். சம்மர் லீகில் உங்கள் பையன் எவ்வளவு வேகமாக நீந்தியிருந்தாலும் அது அங்கே ஏறாது. பள்ளிப் போட்டிகளுக்கும் ஒய்எம்சிஏ போட்டிகளுக்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்து யுஎஸ்ஏ ஸ்விம்மிங் நடுவர்கள் கண்காணித்திருந்தால் ஏறும், இல்லாவிட்டால் இல்லை. போட்டி முடிந்த பிறகு கேட்டுப் பிரயோஜனமில்லை.

இன்னொரு குழப்பம். சம்மர் லீகுகள் பலவற்றில் ஜூன் 1 அன்று என்ன வயதோ அதுதான் அந்தப் பருவம் முழுக்க. கிளப் நீச்சலில் அப்படி இல்லை. இரண்டையும் கலந்து யோசித்ததில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

2. உறுப்பினர் பதிவு: பெயரும் தேதியும் சரியாக விழ வேண்டும்

நாடு முழுவதும் யுஎஸ்ஏ ஸ்விம்மிங்குக்கு 59 வட்டாரக் குழுக்கள் இருக்கின்றன. எல்எஸ்சி என்பார்கள். சில மாநிலங்களுக்கு ஒன்று, டெக்சஸ், கலிபோர்னியா மாதிரிப் பெரிய மாநிலங்களுக்குப் பல. நீங்கள் எந்த கிளப்பில் சேர்கிறீர்களோ அதன் எல்எஸ்சிதான் உங்களுடையது. கிளப் ஒரு இணைப்பு அனுப்பும். அதன் வழியாகப் பெற்றோர்தான் பிள்ளையைப் பதிய வேண்டும்.

இரண்டு வகை உறுப்பினர் திட்டம் உங்கள் கண்ணில் படும். ஃப்ளெக்ஸ் மலிவு, ஆனால் ஆண்டுக்கு இரண்டே மீட், சாம்பியன்ஷிப்புக்கு அது ஆகாது. பிரீமியம் எடுத்தால் எல்லாவற்றிலும் நீந்தலாம். முதல் வருடம் பிள்ளைக்குப் பிடிக்கிறதா என்று பார்க்க ஃப்ளெக்ஸ் போதும். நடுவில் வித்தியாசத் தொகையைக் கட்டி பிரீமியத்துக்கு மாறிக்கொள்ளலாம். ஆனால் மாறுவதை மீட்டுக்குப் பெயர் கொடுப்பதற்கு முன் முடித்துவிடுங்கள்.

குடியுரிமை வேண்டுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். கிளப்பில் சேரவும் எல்எஸ்சி சாம்பியன்ஷிப் வரை நீந்தவும் வேண்டாம். எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் பிள்ளைகள் தாராளமாக நீந்துகிறார்கள், பதக்கமும் வாங்குகிறார்கள். அமெரிக்காவின் சார்பில் போகும் அணிகளுக்கும், அதற்கு ஆள் எடுக்கும் முகாம்களுக்கும்தான் குடியுரிமை தேவைப்படும். அது வெகு தூரத்தில் இருக்கிற விஷயம்.

ஆவணம் கேட்டால் பிறப்புச் சான்றிதழோ பாஸ்போர்ட்டோ போதும். ஆனால் நம் ஆட்களுக்கென்றே இதில் இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன.

ஒன்று பெயர். நமக்கு இனிஷியல்தான் வழக்கம். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக விழுந்திருக்கும், பள்ளியில் ஒரே எழுத்தாக இருக்கும், சம்மர் லீகில் அம்மா அவசரத்தில் வீட்டுப் பெயரைக் கொடுத்திருப்பார். ஒரு தடவை ஒரு மாதிரியும் மறுதடவை வேறு மாதிரியும் பதிந்தால் பிள்ளைக்கு இரண்டு உறுப்பினர் எண் உருவாகிவிடும். பாதி நேரங்கள் ஒன்றில், பாதி இன்னொன்றில். சாம்பியன்ஷிப்புக்குப் பெயர் கொடுக்கும்போது கட் எடுத்த நேரம் 'இல்லை' என்று காட்டும். சேர்த்து வைக்க எல்எஸ்சி அலுவலகத்துக்கு மெயில் எழுதிக் காத்திருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படியே, ஒவ்வொரு முறையும்.

இரண்டாவது தேதி. நம் சான்றிதழில் 07-03 என்றால் மார்ச் 7. இங்கே படிவத்தில் மாதம்தான் முதலில். அப்படியே பார்த்து அடித்தால் பிள்ளை ஜூலை 3-இல் பிறந்ததாகிவிடும். நான்கு மாத வித்தியாசத்தில் பிரிவே மாறிப்போகும். தெரியாமல் செய்த தப்பு என்றாலும், தவறான வயதுப் பிரிவில் நீந்திய முடிவுகள் நிற்காது.

3. வயது: மீட்டின் முதல் நாள் அன்று என்னவோ அது

கிளப் நீச்சலில் வயதைக் கணக்கிடுவது ஒரே ஒரு தேதியை வைத்துத்தான். மீட் தொடங்கும் நாள். வழக்கமான பிரிவுகள் 10-க்கு உட்பட்டோர், 11-12, 13-14, 15-16, 17-18. சில மீட்களில் 8-க்கு உட்பட்டோர் தனியாக இருக்கும், சிலவற்றில் 15-க்கு மேல் எல்லாம் ஒன்றாக இருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, கட் எடுத்த நாளில் என்ன வயது என்பது பேச்சே இல்லை. 10 வயதில் எடுத்த நேரத்தை 11 வயதில் கொண்டுபோனால், 11-12 பிரிவின் கட்டோடுதான் ஒப்பிடுவார்கள். அந்த நேரம் அதற்கும் போதுமான வேகம் என்றால் செல்லும். போதாது என்றால் செல்லாக்காசு.

மறுபக்கமும் உண்டு. மூன்று நாள் மீட் வெள்ளிக்கிழமை தொடங்கி, சனிக்கிழமை பிள்ளைக்கு 11 ஆகிறது என்றால், ஞாயிறு வரை அது 10 வயதுப் பிள்ளைதான். எங்கள் கிளப்பில் ஒரு பையனுக்கு அப்படி அமைந்தது. கேக் வெட்டிவிட்டு வந்து 10 வயதுக்காரர்களோடு இறுதிச் சுற்றில் நீந்தினான். எனக்கு வயிறு எரிந்தது, சொல்லத்தான் வேண்டும்.

செய்ய வேண்டியது இது. செப்டம்பரில் பருவம் தொடங்கும்போதே எல்எஸ்சி தளத்தில் அட்டவணையைத் திறந்து இரண்டு தேதிகளை எழுதிக்கொள்ளுங்கள்: குளிர்கால சாம்பியன்ஷிப் தொடங்கும் நாள், கோடைக்கால சாம்பியன்ஷிப் தொடங்கும் நாள். முதலாவது பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் வரும், இரண்டாவது ஜூலை வாக்கில். பக்கத்தில் பிள்ளையின் பிறந்தநாளை எழுதுங்கள். இரண்டு தேதிகளிலும் எந்தப் பிரிவில் இருக்கும் என்று பார்த்து, அந்தப் பிரிவின் கட்டை மட்டும் அச்செடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் பிறந்த பிள்ளையின் பெற்றோர் இதை இன்றைக்கே செய்யுங்கள்.

புது வயதுப் பிரிவுக்குப் போகும் வருடம் பிள்ளைக்குக் கஷ்டமான வருடம். நேற்று வரை முதல் மூன்றில் வந்தவள் இன்று 40-ஆவது இடத்தில் இருப்பாள். இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

4. பி-யிலிருந்து குவாட் ஏ வரை: இந்த எழுத்துகள் என்ன?

கிளப்பில் சேர்ந்த இரண்டாம் வாரமே பெற்றோர்கள் 'பிபி வந்திருச்சா, ஏ வந்திருச்சா' என்று பேசுவது காதில் விழும். யுஎஸ்ஏ ஸ்விம்மிங் வெளியிடும் ஊக்க நேர அட்டவணை அது. கீழிருந்து மேலாக பி, பிபி, ஏ, டபுள் ஏ, ட்ரிபிள் ஏ, குவாட் ஏ என்று ஆறு படிகள். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். இப்போது நடப்பில் இருப்பது 2024-2028 அட்டவணை. பழைய அட்டவணைகள் இணையத்தில் இன்னும் கிடக்கின்றன, ஆண்டைப் பார்த்து எடுங்கள்.

பிள்ளைக்கு ஒட்டுமொத்தமாக ஒரு தரம் என்று கிடையாது. ஒவ்வொரு போட்டி வகைக்கும் தனித்தனி. ஒரே பிள்ளை பேக் ஸ்ட்ரோக்கில் ஏ, பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் பி-கூட இல்லை என்பது சகஜம். "உங்க பொண்ணு என்ன லெவல்?" என்று பார்ட்டியில் கேட்பவர்களுக்கு அதனால்தான் சட்டென்று பதில் சொல்ல முடிவதில்லை.

இந்த எழுத்துகளே சாம்பியன்ஷிப் தகுதி ஆகிவிடாது. எல்எஸ்சி தன் சாம்பியன்ஷிப்புக்குத் தனியாகக் கட் வைத்திருக்கும். ஆனால் சாதாரண மீட்களுக்கு யார் வரலாம் என்பதைப் பல இடங்களில் இந்த எழுத்தை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். பொறி இங்கேதான் இருக்கிறது. கீழ்வரம்பு மட்டுமல்ல, மேல்வரம்பும் உண்டு. 'பிபி வரைக்கும்' என்று அறிவித்த மீட்டில், 100 ஃப்ரீஸ்டைலில் ஏ நேரம் வைத்திருக்கும் பிள்ளை அந்த 100 ஃப்ரீஸ்டைலை நீந்த முடியாது. வேறு வகைகளில் நீந்தலாம். அதாவது பிள்ளை வேகமாகிவிட்டால் சில கதவுகள் மூடும். ஹோட்டல் அறை போட்டுவிட்டு இதைக் கண்டுபிடித்தவர்கள் உண்டு.

ஒன்று சொல்லிவிடுகிறேன். 9 வயதில் குவாட் ஏ வாங்கும் பிள்ளைகளில் பலர் சீக்கிரம் வளர்ந்தவர்கள். 13 வயதில் மற்றவர்கள் உயரத்தில் எட்டிப் பிடிக்கும்போது கதை மாறும். அந்த அட்டவணையை வைத்துக்கொண்டு வீட்டில் யுத்தம் பண்ணாதீர்கள். நான் ஒரு பருவம் பண்ணினேன், பலன் பூஜ்யம்.

5. கஜமா, மீட்டரா?

இங்கே குளம் மூன்று அளவில் இருக்கிறது. 25 கஜம், 25 மீட்டர், 50 மீட்டர். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை பெரும்பாலும் 25 கஜக் குளம், ஷார்ட் கோர்ஸ். ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை 50 மீட்டர், லாங் கோர்ஸ். 25 கஜம் என்பது 22.86 மீட்டர்தான். கஜக் குளத்தில் எடுத்த 100-ஐ நம்மூர் மாநிலப் போட்டியின் 100 மீட்டர் நேரத்தோடு ஒப்பிட்டு, பேத்தி சாதனையை முறியடித்துவிட்டாள் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவள் தாத்தா போட்டார். தூரமும் குறைவு, திரும்பும்போது சுவரை உதைக்கும் வாய்ப்பும் அதிகம். நேரம் குறையத்தான் செய்யும்.

கட் ஒவ்வொரு அளவுக்கும் தனி. கோடையில் எடுத்த மீட்டர் நேரத்தைக் கணக்குப் போட்டுக் கஜமாக மாற்றிக் கொடுப்பதைப் பல சாம்பியன்ஷிப்களில் ஏற்பதில்லை. அந்தந்தக் குளத்திலேயே நீந்தியிருக்க வேண்டும். மீட் அறிவிப்பில் 'மாற்றிய நேரம்' பற்றி ஒரு வரி இருக்கும், தேடிப் படியுங்கள்.

சில வகைகள் குளத்தோடு மறைந்தும் போகும். 100 ஐஎம், அதாவது நான்கு ஸ்ட்ரோக்கும் ஒவ்வொரு நீளம், ஷார்ட் கோர்ஸில் மட்டும்தான் உண்டு. கோடையில் அது 200 ஐஎம் ஆகிவிடும். 500 கஜம் ஃப்ரீஸ்டைல் 400 மீட்டராகும், 1650 கஜம் 1500 மீட்டராகும். பிள்ளையின் பலமே 100 ஐஎம் என்றால் கோடைக்கு வேறொன்றைத் தயார் செய்ய கோச்சிடம் பிப்ரவரியிலேயே பேசுங்கள்.

6. ஏணியின் படிகள்

அடியில் இருப்பவை கிளப் நடத்தும் வார இறுதி மீட்கள். கட் தேவையில்லை, நேரம் இல்லாத பிள்ளைக்கு 'என்டி' என்று போட்டுப் பெயர் கொடுக்கலாம். முதல் வருடம் முழுக்க இங்கேதான்.

அடுத்தது எல்எஸ்சி சாம்பியன்ஷிப். பெயர்தான் இடத்துக்கு இடம் மாறும். சில எல்எஸ்சிகளில் ஜூனியர் ஒலிம்பிக்ஸ் என்று பெயர், சுருக்கமாக ஜேஓ. ஒலிம்பிக்கில் ஆள் எடுப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஏஏயு என்ற வேறோர் அமைப்பு நடத்தும் ஜூனியர் ஒலிம்பிக் கேம்ஸும் வேறு. வடக்குக் கலிபோர்னியாவின் பசிபிக் ஸ்விம்மிங்கில் ஜேஓவுக்கு மேலே ஃபார் வெஸ்டர்ன் என்று ஒன்று இருக்கிறது. டெக்சஸில் 14 வயது வரையான பிள்ளைகளின் கனவு 'டேக்ஸ்', மாநிலத்தின் எல்எஸ்சிகள் ஒன்றுசேரும் மீட். பாதி இடங்களில் சாம்பியன்ஷிப்புக்கு ஒரு படி கீழே, கட் கிடைக்காத பிள்ளைகளுக்கென்று ஒரு மீட்டும் வைத்திருக்கிறார்கள். அதை ஏளனமாகப் பார்க்காதீர்கள். என் மகள் ஜேஓவுக்குப் போகாத அந்த மார்ச்சில் இந்த மாதிரி ஒன்றில்தான் முதல் பதக்கம் வாங்கினாள்.

அதற்கு மேலே ஜோன் சாம்பியன்ஷிப். நாட்டை கிழக்கு, தெற்கு, மத்திய, மேற்கு என்று நான்கு மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். பெரும்பாலும் எல்எஸ்சி தன் பெயரில் ஒரு அணியை அனுப்பும். தேர்வு விதி ஒவ்வொரு எல்எஸ்சியிலும் வேறு, விண்ணப்பத்தைப் பெற்றோர் தனியாகப் போட வேண்டியிருக்கலாம்.

செக்‌ஷனல்ஸ் என்ற அடுத்த படியில் வயதுப் பிரிவு கிடையாது. கட் இருந்தால் 13 வயதுப் பெண் கல்லூரி மாணவிகளோடு நீந்துவாள். பிறகு கோடையில் ஃப்யூச்சர்ஸ், அதற்கு மேல் 18 வயதுக்கு உட்பட்டோருக்கான ஜூனியர் நேஷனல்ஸ். டிசம்பரில் நடக்கும் வின்ட்டர் ஜூனியர்ஸ் கிழக்கு, மேற்கு என இரண்டு ஊர்களில். உச்சியில் நேஷனல்ஸ், யுஎஸ் ஓப்பன், நான்காண்டுக்கு ஒருமுறை ஒலிம்பிக் ட்ரயல்ஸ். 2024 ட்ரயல்ஸை இண்டியானாபொலிஸில் ஓர் அமெரிக்கக் கால்பந்து அரங்கத்துக்குள் குளம் கட்டி நடத்தினார்கள். வேடிக்கை பார்க்க டிக்கெட் வாங்கலாம், அதற்குக் கட் வேண்டாம்.

7. மீட் அறிவிப்பைப் படித்துப் பெயர் கொடுப்பது

ஒவ்வொரு மீட்டுக்கும் ஒரு பிடிஎஃப் வரும். 'மீட் இன்ஃபோ' என்பார்கள். 12 பக்கம், 15 பக்கம் இருக்கும். முழுசாகப் படிக்கப் பொறுமை இல்லை என்றால் இவற்றையாவது தேடுங்கள்.

தகுதிக் காலம்: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை எடுத்த நேரம் செல்லும். பழைய கட், காலத்துக்கு வெளியே போயிருந்தால் செல்லாது.

பெயர் கொடுக்கும் கடைசி நாள்: மீட்டுக்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் இருக்கும். கிளப் தன் பெற்றோருக்குக் கொடுக்கும் கெடு அதற்கும் சில நாள் முன்னால். நீங்கள் பார்க்க வேண்டியது கிளப் கெடு. அதைத் தவறவிட்டால் எல்எஸ்சியிடம் போய் நிற்க முடியாது, பெயர்களை கிளப்தான் அனுப்புகிறது. கெடுவுக்கும் மீட்டுக்கும் நடுவில் எடுத்த கட்டைச் சில மீட்கள் தனியாக ஏற்கும். 'லாஸ்ட் சான்ஸ்' மீட் என்று கடைசி வார இறுதியில் நடத்துவதும் அதற்குத்தான்.

போனஸ்: ஒரு கட் இருந்தால், கட் இல்லாத ஒன்றிரண்டு வகைகளையும் சேர்த்து நீந்த அனுமதிக்கும் மீட்கள் உண்டு. இது தெரியாமல் ஒரே ஒரு 50-க்காக மூன்று மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறோம்.

நேரத்தை நிரூபிப்பது: கொடுத்த நேரம் ஸ்விம்ஸில் இல்லாவிட்டால் அபராதம் விழலாம். யுஎஸ்ஏ ஸ்விம்மிங் தளத்தில் பிள்ளையின் நேரங்களை நீங்களே பார்க்கலாம். மீட் முடிந்து ஒரு வாரத்தில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மீட் மொபைல் செயலியில் தெரிந்ததைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு வாதாட முடியாது, அது அதிகாரபூர்வம் அல்ல.

கட் எடுக்க இன்னொரு வழி பலருக்குத் தெரியாது. ரிலேயில் முதலில் நீந்துபவரின் நேரம் தனி நேரமாகவே கணக்கில் வரும். கோச்சிடம் கேட்டுப் பிள்ளையை முதல் ஆளாகப் போடச் சொல்லலாம். மற்ற மூவருக்கு இது பொருந்தாது.

கிளப் மாறப் போகிறீர்களா? சாம்பியன்ஷிப்புக்கு முன்னால் மாறாதீர்கள். பழைய கிளப்புக்காகக் கடைசியாக நீந்திய நாளிலிருந்து ஒரு குறிப்பிட்ட காலம் பிள்ளை 'அன்அட்டாச்டு', எந்த அணியும் சாராதவர். தனி வகைகளில் நீந்தலாம், ரிலேயில் நீந்த முடியாது.

8. செலவு

உறுப்பினர் கட்டணம் பிரீமியத்துக்கு எல்எஸ்சியைப் பொறுத்து 100 டாலரை ஒட்டி வரும், ஆண்டுக்கு ஒருமுறை. அது ஒன்றும் பெரிசில்லை. கிளப்பின் மாதக் கட்டணம்தான் முக்கியச் செலவு. எங்களுக்கு ஆரம்பக் குழுவில் மாதம் 120 டாலர், இப்போது வாரம் ஐந்து நாள் பயிற்சிக் குழுவில் 190. மீட்டுக்குப் போனால் தலைக்கு ஒரு கட்டணம், நீந்தும் ஒவ்வொரு வகைக்கும் ஒரு கட்டணம். எங்கள் வீட்டில் ஒரு வார இறுதி 60 டாலருக்குக் குறைந்து முடிந்ததில்லை. சாம்பியன்ஷிப்பில் இன்னும் கூடும், அதோடு ஹோட்டல், சாப்பாடு, பெட்ரோல். பெயர் கொடுத்த பிறகு காய்ச்சல் வந்தாலும் பணம் திரும்பாது.

வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அவுட்ரீச் என்ற பெயரில் மிகக் குறைந்த கட்டணத்தில் உறுப்பினர் திட்டம் இருக்கிறது. பள்ளியில் இலவச மதிய உணவுத் தகுதி இருந்தால் கேளுங்கள். கூச்சப்பட எதுவுமில்லை.

காசு கொடுத்தால் மட்டும் போதாது, ஆளும் வேண்டும். ஒவ்வொரு லேனிலும் ஸ்டாப்வாட்ச் பிடிக்கப் பெற்றோர்தான் நிற்கிறார்கள். பல கிளப்புகளில் வருடத்துக்கு இத்தனை மணி நேரம் என்று கணக்கு உண்டு, செய்யாவிட்டால் தண்டம். செய்யுங்கள். குளத்தின் ஓரம் நிற்க அனுமதி கிடைக்கும் ஒரே வழி அதுதான்.

9. நீச்சலுடை: 12 வயதுக்கு உட்பட்டோருக்கு ஒரு தடை

ஜேஓ கட் வந்ததும் கடைக்காரர் 200, 300 டாலர் 'டெக் சூட்', அதாவது வேகத்துக்கென்றே செய்த பந்தய நீச்சலுடை, காட்டுவார். 12 வயதுக்காரர்களும் அதற்குக் கீழே உள்ளவர்களும் அதை அணியக் கூடாது. தையலுக்குப் பதில் ஒட்டுப் போட்ட மடிப்பு இருந்தால் துணி எதுவானாலும் தடை. நெய்த துணி இடுப்புக்குக் கீழே இறங்கினாலும் தடை. ஜூனியர் நேஷனல்ஸும் அதற்கு மேற்பட்டவையும் மட்டுமே விதிவிலக்கு. போட்டுக்கொண்டு வந்தால் குளத்தோரத்தில் மாற்றச் சொல்வார்கள், மாற்றுடை இல்லாவிட்டால் நீந்த முடியாது. சாதாரண 50 டாலர் உடையில் ஒன்றுக்கு இரண்டாக வாங்கிப் பையில் வையுங்கள்.

10. மீட் நாளில்

வார்ம்-அப்புக்கு 20 நிமிடம் முன்னால் போய்ச் சேருங்கள். ஹீட் ஷீட் என்ற பட்டியலில் பிள்ளையின் பெயரைத் தேடி, கறுப்பு மார்க்கரால் முன்கையில் கட்டம் போட்டு எழுத வேண்டும். முதல் கட்டத்தில் போட்டி எண், அடுத்ததில் ஹீட் (அந்தப் போட்டியில் எத்தனையாவது தொகுதி), அடுத்ததில் லேன், கடைசியில் ஸ்ட்ரோக். 27, 4, 6, ஃப்ளை. சன்ஸ்க்ரீன் தடவுவதற்கு முன்னால் எழுதுங்கள். பின்னால் எழுதினால் மை ஒட்டாது, என் மகள் ஒருமுறை 4-ஆவது ஹீட்டை 1 என்று படித்துத் தப்பான இடத்தில் போய் நின்றாள்.

தகுதி இழப்பு, 'டிக்யூ', புதுப் பிள்ளைகளுக்கு அடிக்கடி வரும். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கிலும் பட்டர்ஃப்ளையிலும் சுவரை இரண்டு கையாலும் ஒரே சமயம் தொட வேண்டும். ஒரு கை விரல் நுனி முந்தினாலும் நடுவரின் கை உயரும். டிக்யூ ஆன நேரம் எவ்வளவு வேகமாக இருந்தாலும் கட் ஆகாது. கோச்சிடம் காரணம் கேளுங்கள், நடுவரிடம் போகாதீர்கள்.

12 வயதுக்கு உட்பட்டோர் நீந்தும் பகுதியை நான்கு மணி நேரத்துக்குள் முடியும்படி திட்டமிட வேண்டும் என்று விதியே இருக்கிறது. அதற்கேற்ற சாப்பாடு எடுத்துப் போங்கள். சாம்பியன்ஷிப்பில் காலையில் தகுதிச் சுற்று, மாலையில் இறுதிச் சுற்று என்றால் அது முழுநாள். இறுதிக்கு வந்தவர் பட்டியலை அறிவித்த பிறகு, வழக்கமாக அரைமணி நேரத்துக்குள், 'வரவில்லை' என்று சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை. சொல்லாமல் மதியமே வீட்டுக்குக் கிளம்பிவிட்டால் அதே மீட்டில் அடுத்து நீந்த வேண்டியதிலிருந்து பிள்ளையை விலக்கிவிடலாம். பாத்ரூம் போவதானாலும், அறிவிப்பு வரும் வரை ஒருவர் குளத்தருகே இருங்கள்.

உடை மாற்றும் அறையில் போனை எடுக்கவே கூடாது. ஸ்டார்ட் மேடைக்குப் பின்னாலிருந்து படம், வீடியோ எடுப்பதும் தடை. கேலரியிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். தூரத்தில் எல்லாப் பிள்ளையும் ஒரே தொப்பியில் ஒன்றுபோலத் தெரியும். லேன் எண்ணை முன்கூட்டியே பார்த்து வையுங்கள், நான் ஒரு முழு 200-ஐயும் அடுத்த வீட்டுப் பையனைப் படம் பிடித்துவிட்டு வந்தேன்.